லெட் ஜெப்பலின் மூன்றாவது ஆல்பம்: மென்மையாக மாறினார்களா, முன்பே அப்படித்தானா?

வடசேரி வாசி

"மூன்றாவது ஆல்பத்தில் ஜெப்பலினுக்கு மூச்சு வாங்கிவிட்டது" என்று பக்கத்து இழையில் ஒரு வரி பார்த்தேன். அங்கே பழைய கிட்டார் விலை பற்றிப் பேச்சு ஓடுவதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

லெட் ஜெப்பலின் இங்கிலாந்து ராக் குழு. எல்லோரும் சொல்லும் கதை இது. 1969 ஜனவரியில் முதல் ஆல்பம், அதே வருடம் அக்டோபரில் இரண்டாவது. நடுவில் ஓயாத அமெரிக்கப் பயணம். இரண்டாவதைப் போகிற வழியில் கிடைத்த ஸ்டுடியோக்களில்தான் பதிவு செய்தார்கள். 1970இல் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் கிட்டார்க்காரர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் வேல்ஸில் மகின்லெத் பக்கம் பிரான்-இர்-ஆர் என்ற பழைய வீட்டுக்குப் போனார்கள். பிளாண்ட் சின்ன வயதில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன வீடு. கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. ஆம்ப் என்ற ஒலிபெருக்கி போட வழியில்லை, கரண்ட் வேண்டாத அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்தார்கள், இசை மென்மையாகிவிட்டது. 1970 அக்டோபர் 5 அன்று ஆல்பம் வந்தது, ரசிகர்கள் திகைத்தார்கள்.

இதில் பாதிதான் எனக்குச் சம்மதம். அந்த வீட்டுக்குப் போனது உண்மை. ஆனால் அக்கூஸ்டிக் கிட்டாரை அங்கே போய்க் கண்டெடுக்கவில்லை. முதல் ஆல்பத்திலேயே 'பிளாக் மவுண்டன் சைடு' இருக்கிறது, அதில் விராம் ஜசானி தபலா வாசிக்கிறார். 'பேப் ஐம் கோனா லீவ் யூ' தொடங்குவதே அக்கூஸ்டிக் மீட்டலில்தான்.

அப்படியானால் எது புதுசு? முதல் ஆல்பத்தில் மெதுவான இடம் வந்தாலே நமக்குத் தெரிந்துவிடும், கொஞ்ச நேரத்தில் ஜான் பொன்ஹாம் டிரம்ஸோடு இறங்கப் போகிறார் என்று. அந்த அமைதிக்கு வேறு வேலை இல்லை, வரப்போகும் அடியைப் பெரிதாகக் காட்டுவதுதான். மூன்றாவது ஆல்பத்து இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் அந்த அடி வருவதில்லை. 'தட்ஸ் தி வே' ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, டிரம்ஸ் செட் இறங்கவே இல்லை. 'டேஞ்சரின்' பாட்டில் டிரம்ஸ் உண்டு, ஆனாலும் பாட்டைத் தாண்டிப் போகவில்லை. மென்மையாகத் தொடங்கிய பாட்டை மென்மையாகவே முடிக்கத் துணிந்தார்கள். மாற்றம் என்று நான் சொல்வது அதைத்தான். அடுத்த வருடம் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டில் பழைய வழிக்கே திரும்பி, மெதுவாகத் தொடங்கி உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உலகமே கொண்டாடியது. அதனால்தான் இந்த ஆல்பம் நடுவில் கிடந்து கவனிப்பாரில்லாமல் போனது என்பது என் கட்சி.

பேச்சிப்பாறை ஷட்டர்

அந்த ஒரு வரியை எழுதியது நான்தான். ஒளிந்துகொள்ளும் பழக்கம் இல்லை.

அண்ணன் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டாவது ஆல்பத்துக்கு அமெரிக்காவில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகளுக்கான சான்று உண்டு. மூன்றாவதற்கு 60 லட்சம், சரியாகப் பாதி. வந்தவுடன் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது என்று சொல்வீர்கள். அது முந்தைய ஆல்பத்தின் பெயரில் விற்றது. கேட்டுப் பார்த்த பிறகு விற்பனை சீக்கிரமே இறங்கிவிட்டது.

இன்னொன்று. ஆல்பத்தின் முதல் பாட்டு 'இமிக்ரன்ட் சாங்'. இரண்டரை நிமிடத்துக்குள் கோட்டையை இடிக்கிற பாட்டு. அதை வாசலில் வைத்து ஆளைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டு, போகப் போக மாண்டலின் மீட்டினால் எப்படி? மரச்சீனியும் மீன்கறியும் என்று சொல்லிக் கூப்பிட்டுக் கஞ்சியும் பயறும் வைக்கிற கதை.

வடசேரி வாசி

ஷட்டர் மக்கா, கஞ்சியும் பயறும் கிடைத்தால் நான் மீன்கறியைத் திரும்பிப் பார்க்கமாட்டேன். அது கிடக்கட்டும். விற்பனை குறைந்தது உண்மைதான். ஆனால் அது ரசிகர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதைச் சொல்லும், பாட்டு எப்படி என்பதைச் சொல்லாது.

தக்கலை பிட்ஸ்

அண்ணன்மாரே, நான் 'தோர் ரக்னராக்' படம் பார்த்துத்தான் 'இமிக்ரன்ட் சாங்' கேட்டேன். அப்புறம் முழு ஆல்பத்தையும் போனில் போட்டேன். இரண்டாவது பாட்டிலேயே வேறு ஆல்பம் ஓடுகிறதோ என்று திரையைப் பார்த்தேன். ஷட்டர் அண்ணன் சொல்வது போல ஏமாற்றம் எல்லாம் இல்லை, குழப்பம்தான். எங்கே இருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும்? அந்த முதல் பாட்டு ஏன் இந்த ஆல்பத்தில் இருக்கிறது?

வடசேரி வாசி

தம்பி, 1970 ஜூனில் அவர்கள் ஐஸ்லாந்துக்குக் கச்சேரிக்குப் போனார்கள். அந்தப் பயணத்தில் பிறந்த பாட்டு அது. கடல் தாண்டிப் போன வைக்கிங்குகளின், அதாவது பழைய வடஐரோப்பியக் கடல்வீரர்களின் கதை. சில நாளிலேயே இங்கிலாந்தின் பாத் இசைத் திருவிழா மேடையில் பாடிவிட்டார்கள். வேல்ஸ் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீ பிளேட்டைத் திருப்பிப் போடுவது போல 'கேலோஸ் போல்' பாட்டில் இருந்து ஆரம்பித்து ஐந்து பாட்டையும் கேள். முதல் பக்கத்துக்கு அப்புறம் வா.

சுங்கான்கடை ஆர்கன்

எல்லோரும் பேஜ், பிளாண்ட் என்றே பேசுகிறீர்கள். அந்த வேல்ஸ் வீட்டுக்குப் போகாத ஜான் பால் ஜோன்ஸ், குழுவில் பாஸ் கிட்டாரும் ஆர்கனும் வாசிப்பவர், அவர் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. 'ஃப்ரண்ட்ஸ்' பாட்டில் அந்த வயலின் கூட்டத்தை அமைத்தது அவர். 'கேலோஸ் போல்' பாட்டில் மாண்டலின் அவர்.

முதல் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'. ஏழு நிமிடத்துக்கு மேல் போகும் மெதுவான புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வகை. அதில் ஜோன்ஸ் பாஸ் கிட்டார் வாசிக்கவில்லை. கையால் ஹேமண்ட் ஆர்கன், காலால் பெடலில் பாஸ். ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்களுக்கு இதன் பாடு தெரியும். வேகமான கீர்த்தனையில் கால் ஒரு இடத்தில் பிந்தினாலும் மறைந்துவிடும். மெதுவான பாட்டில் பிந்தினால் பின்வரிசையில் இருக்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும். அந்தப் பாட்டைக் கவனமாகக் கேட்டால் பொன்ஹாமின் பாஸ் டிரம் பெடல் கீச்சிடுவது கேட்கும். எண்ணெய் போடாமல் வாசித்தாரோ என்னவோ, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கும். அறையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

வடசேரி சொன்னதில் எனக்கு முழு ஒப்புதல் உண்டு, ஒரு சேர்க்கையோடு. எங்கள் கொயரில் எந்தப் பாட்டை எடுத்தாலும் கடைசிச் சரணத்தில் ஏற்றிப் பாடவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும். ஒரு சுருதி ஏற்று, டிரம்ஸை இறக்கு, முடி. மக்கள் கண்கலங்குவார்கள். ஏற்றாமல் முடித்தால் பாட்டு முடிந்ததா என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தச் சங்கடத்தைத் தாங்க வாசிப்பவனுக்குத் தைரியம் வேண்டும். மென்மை என்றால் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிறு மட்டும் எங்களோடு வந்து வாசித்துப் பார்க்கட்டும்.

பேச்சிப்பாறை ஷட்டர்

அக்கா, நீங்கள் சொன்ன அந்த புளூஸ் பாட்டை நான் குறை சொல்லவே இல்லை. அது முதல் பக்கம். என் வழக்கு இரண்டாம் பக்கத்தோடு.

மார்த்தாண்டம் கேப்போ

வழக்கு நடக்கட்டும், நான் கொஞ்சம் கை வேலை சொல்கிறேன். கிட்டார் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பாட்டுகளைச் சாதாரண சுருதியில் வாசித்துப் பார்த்துவிட்டு "சத்தம் வரவில்லை" என்கிறார்கள். வராது. பேஜ் கம்பிகளை மாற்றிச் சுருதி கூட்டியிருக்கிறார்.

'ஃப்ரண்ட்ஸ்' பாட்டுக்குத் தடித்த கம்பியில் இருந்து தொடங்கி: சி, ஏ, சி, ஜி, சி, ஈ. அதாவது ஆறாவது கம்பியை ஈயில் இருந்து இரண்டு முழுச் சுரம் இறக்கி சி ஆக்க வேண்டும். நாலாவதை டியில் இருந்து ஒரு சுரம் இறக்கி சி. இரண்டாவதை பியில் இருந்து அரைச் சுரம் ஏற்றி சி. மற்ற மூன்றையும் தொட வேண்டாம். இப்போது எதையும் பிடிக்காமல் எல்லாக் கம்பியையும் ஒன்றாக மீட்டிப் பாருங்கள். மூன்று சி ஒன்றோடொன்று உரசி ஒரு தம்பூரா போல ரீங்காரம் நிற்கும். அதன் மேல்தான் பாட்டு நடக்கிறது. அந்த வீட்டின் பெயரிலேயே பேஜ் தனியாக மீட்டிய சின்ன உருப்படி ஒன்று உண்டு, 1975 ஆல்பத்தில் வந்தது. அதற்கும் இதே சுருதிதான். ஒருமுறை கம்பியை மாற்றினால் இரண்டு உருப்படிக்கு ஆச்சு.

ஒரு எச்சரிக்கை. குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டாவது கம்பியை ஏற்றும் முன்பு துருவைப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அரைச் சுரம் ஏற்றினாலே அறுந்து முகத்தில் அடிக்கும். புதுக் கம்பி போட்டு, மெதுவாக ஏற்றுங்கள். ஆறாவது கம்பி மாறாகத் தொளதொளவென்று ஆகிவிடும், கிட்டார் கழுத்தில் இருக்கிற ஃப்ரெட் என்ற உலோகப் பட்டையில் பட்டு அதிரும். வலது கையை லேசாக்கினால் சரியாகிவிடும். இந்த ஆல்பத்தின் மென்மையில் கொஞ்சம் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் சுருதி கெட்டுப்போகும், அடிக்கவே முடியாது.

பேச்சிப்பாறை ஷட்டர்

சரி, சுருதி கொள்ளாம். இப்போது பாட்டு யாருடையது என்று பேசுவோமா?

'கேலோஸ் போல்' நாட்டுப்பாட்டு. பேஜ் அதை ஃப்ரெட் கெர்லாக் என்பவரின் பன்னிரண்டு கம்பிக் கிட்டார்ப் பதிவில் கேட்டு எடுத்தார். அதற்கு முன்பே லெட் பெல்லி பாடியிருக்கிறார். முதல் ஆல்பத்து 'பிளாக் மவுண்டன் சைடு' உருப்படியை பெர்ட் ஜான்ஷ் 1966இல் வெளியிட்ட 'பிளாக்வாட்டர்சைடு' பதிவோடு வைத்துக் கேளுங்கள், ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் எழுதியவர் பெயராக இருப்பது ஜிம்மி பேஜ். மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஹேட்ஸ் ஆஃப் டு (ராய்) ஹார்ப்பர்', அதில் இன்னும் வேடிக்கை. புக்கா வைட்டின் பழைய புளூஸைப் பிரித்துப் போட்டுவிட்டு, மரபுப் பாட்டு, இசைக்கோப்பு "சார்லஸ் அப்ஸ்க்யூர்" என்று இல்லாத ஒரு ஆளின் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். தலைப்பில் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பது இங்கிலாந்துப் பாடகர் ராய் ஹார்ப்பருக்கு. பாட்டுக்குச் சொந்தக்காரனுக்கு ஒன்றும் இல்லை.

மென்மையான ஆல்பம் என்கிறீர்கள். மென்மை யார் வீட்டில் இருந்து வந்தது?

வடசேரி வாசி

இதில் நான் ஷட்டர் பக்கம். 'கேலோஸ் போல்' பாட்டுக்கு மரபுப் பாட்டு என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள், அந்த அளவில் பரவாயில்லை. புக்கா வைட் விஷயத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

கோடை ராத்திரி

இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ராக் எனக்கு அதிகம் தெரியாது. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன். மகன் போட்டுக்காட்டியதால் 'கேலோஸ் போல்' மட்டும் கேட்டேன். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தூக்குமரத்தடியில் நிற்கிறவன் தூக்குப்போடுகிறவனிடம் "கொஞ்சம் பொறு" என்கிறான். கூட்டாளிகள் வருகிறார்கள், கையில் ஒன்றும் இல்லை. அண்ணன் வருகிறான், வெள்ளியும் பொன்னும் கொண்டுவருகிறான். தங்கை வருகிறாள், தன்னையே விலையாகக் கொடுக்கிறாள். ஒவ்வொருத்தர் வரும்போதும் அதே கேள்வி, அதே மெட்டு. இந்த அமைப்பு நமக்குப் புதுசு இல்லை. இசக்கி கதையிலும் மாடன் கதையிலும் இப்படித்தான், ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆளிடம் கேட்டுக்கொண்டு கதை போகும். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார்.

மகன் இன்னொன்று சொன்னான். இந்தப் பாட்டின் பழைய இங்கிலாந்து வடிவங்களில் தூக்கில் நிற்பது பெண்ணாம். கடைசியில் காதலன் வந்து மீட்டுவிடுவானாம். ஜெப்பலின் பாடியதில் மீட்சி இல்லை. தூக்குக்காரன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே தூக்கில் போடுகிறான். நம் ஊரில் இந்தக் கதை இந்த இடத்தில் நிற்காது. அநியாயமாகச் செத்தவன் திரும்பி வந்தாக வேண்டும், பீடம் கேட்க வேண்டும், பலி கேட்க வேண்டும். பாட்டு முடிந்ததும் எனக்கு ஒரு குறையாக இருந்தது அதனால்தான்.

வடசேரி தம்பி "அடி வருவதில்லை" என்று எழுதியிருக்கிறார். இந்தப் பாட்டுக்கு அது பொருந்தாதே? ஒற்றைக் கிட்டாரில் தொடங்குகிறது, மாண்டலின் சேருகிறது, அப்புறம் டிரம்ஸ், அப்புறம் டிங்டிங்கென்று ஒன்று, எல்லாம் சேர்ந்து ஓட்டம் பிடிக்கிறது. சாமி வருகிற நேரத்தில் உடுக்கும் குடமும் வேகம் பிடிப்பது போலத்தான் எனக்குக் கேட்டது.

மார்த்தாண்டம் கேப்போ

அந்த டிங்டிங் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம். பேஜ் அதற்கு முன்பு பாஞ்சோ வாசித்தவரே இல்லை. ஜோன்ஸிடம் இருந்ததை எடுத்து வாசித்தார்.

வடசேரி வாசி

பெரியவர் சொன்னது நல்ல இடத்தில் பிடித்திருக்கிறது. என் பதில் இது: இங்கே ஏறுவது வேகம், கனம் அல்ல. முதல் ஆல்பத்தில் ஏறும்போது எலக்ட்ரிக் கிட்டார் வந்து மற்றதை மூடிவிடும். இங்கே தொடக்கத்தில் இருந்த அக்கூஸ்டிக் கிட்டார் கடைசிவரை காதில் விழுகிறது, அதைச் சுற்றி ஆள் கூடுகிறது. ஆனாலும் நான் முதலில் எழுதிய விதி இரண்டாம் பக்கத்தின் நடுப்பாட்டுகளுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும் என்பதை ஏற்கிறேன். 'பிரான்-ய்-ஆர் ஸ்டாம்ப்' பாட்டில்கூட பொன்ஹாம் கால் தாளத்தை நன்றாகவே அழுத்துகிறார்.

முட்டம் காற்று

'தட்ஸ் தி வே' பற்றி யாரும் உருப்படியாக ஒன்றும் எழுதவில்லை. டிரம்ஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை என்று இல்லாததையே பேசினால் எப்படி? என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு பையன்கள். ஒருவன் இன்னொருவனிடம், உன்னோடு இனி விளையாட வரமுடியாது, அம்மா சொல்லிவிட்டாள் என்கிறான். அந்தப் பையன் ஊரின் அந்தப் பக்கத்துக்காரன், முடி நீளம், அதுதான் குற்றம். இந்தப் பாட்டுக்கு முதலில் வைத்திருந்த தலைப்பே 'பக்கத்து வீட்டுப் பையன்' என்ற பொருளில்தான். வேல்ஸில் நடந்துபோய்த் திரும்புகிற வழியில் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்வார்கள். நடுவில் அழுக்குத் தண்ணீரில் மீன் செத்துக்கிடப்பது வருகிறது.

நம் ஜில்லாவில் இந்தப் பாட்டுக்கு விளக்கவுரை வேண்டாம். "அந்தத் தெருப் பிள்ளையோடு சேராதே" என்று கேட்காமல் இங்கே யார் வளர்ந்தது? வீட்டுக்கு வீடு காரணம் மாறும், சாதி, சபை, கடற்கரை, மேட்டுத்தெரு என்று. வாக்கியம் மாறாது. அழுக்குத் தண்ணீரையும் மீனையும் பழையாற்றுப் பாலத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பையன் கோபப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அம்மாவைத் திட்டவில்லை, ஊரைத் திட்டவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும்போல என்று சொல்லிவிட்டு நகர்கிறான். இந்த இடத்தில் பொன்ஹாம் இறங்கியிருந்தால் அது எதிர்ப்புப் பாட்டாகிவிடும். அவர் இறங்காததால் இது ஒரு சின்னப் பையனின் பாட்டாகவே இருக்கிறது. டிரம்ஸ் இல்லாததற்குக் காரணம் துணிச்சல் என்று வடசேரி சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள்.

சுங்கான்கடை ஆர்கன்

முட்டம், இதைப் படித்துவிட்டு மறுபடி கேட்டேன். பின்னால் வழுக்கிக்கொண்டு போகிற அந்த ஸ்டீல் கிட்டார் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது.

பேச்சிப்பாறை ஷட்டர்

சரி மக்கா, இந்த ஒரு பாட்டை விட்டுத்தருகிறேன். மற்ற நாலையும் விடமாட்டேன்.

வடசேரி வாசி

நம் ஆட்களுக்குப் பிடிக்கிற செய்தி ஒன்று. 1972இல் பேஜும் பிளாண்டும் பம்பாய்க்கு வந்து அங்குள்ள இசைக்கலைஞர்களோடு இரண்டு பாட்டைப் பதிவு செய்தார்கள். அதில் ஒன்று இந்த ஆல்பத்து 'ஃப்ரண்ட்ஸ்', இன்னொன்று நாலாவது ஆல்பத்து 'ஃபோர் ஸ்டிக்ஸ்'. பல வருடம் கள்ளப் பதிவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 2015இல் 'கோடா' ஆல்பத்தின் மறுவெளியீட்டில் முறைப்படி வந்தது.

கேட்டால் ஒன்று புரியும். இங்கிலாந்தில் ஜோன்ஸ் வயலின்களை அமைத்தது ஏதோ கிழக்கத்திய வாசனைக்காக என்று தோன்றும். பம்பாய்ப் பதிவில் தபலாவும் நம் வயலின் கமகமும் சேரும்போது, பேஜ் சுருதி கூட்டியிருக்கும் விதத்திலேயே அந்த வாசனை இருந்தது தெரிகிறது. மார்த்தாண்டம் சொன்ன தம்பூரா ரீங்காரம்தான். பதிவு கச்சிதமாக இல்லை, அங்கங்கே தடுமாறுகிறது, எனக்கு அது குறையாகப் படவில்லை. 1994இல் பேஜும் பிளாண்டும் மறுபடி சேர்ந்து எகிப்தியக் கலைஞர்களோடு நிகழ்ச்சி செய்தபோதும் 'ஃப்ரண்ட்ஸ்', 'கேலோஸ் போல்' இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். 24 வருடம் கழித்து இந்த ஆல்பத்துக்கு ஏன் திரும்பிப் போனார்கள் என்று ஷட்டர் யோசிக்கட்டும்.

பேச்சிப்பாறை ஷட்டர்

அக்கூஸ்டிக் பாட்டுக்கு அந்த வயதில் மூச்சு கம்மியாகப் போதும், அதனால்தான்.

குவைத் கேசட்

இரண்டு பேரும் சண்டையை நிறுத்தினால் அட்டை பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இந்த ஆல்பம் வளைகுடாவில் இருந்து வந்த கேசட்டாகத்தான் வந்தது. தபால்தலை அளவுக்கு ஒரு படம், பட்டாம்பூச்சியும் விமானமுமாக ஒன்றும் விளங்காது. ஒரிஜினல் எல்பி அட்டையைப் பிற்பாடு திருவனந்தபுரத்தில் ஒருவர் வீட்டில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அட்டையில் ஓட்டைகள். உள்ளே ஒரு வட்டத் தகடு. விளிம்பைப் பிடித்துச் சுற்றினால் ஓட்டைகளில் படம் மாறிக்கொண்டே இருக்கும். ஸாக்ரான் என்ற ஓவியரின் வேலை. பேஜுக்கு அது திருப்தி இல்லை, சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் போல ஆகிவிட்டது என்று குறைப்பட்டார். எனக்கு அவர் குறைப்பட்டது அநியாயமாகத் தோன்றுகிறது. மேஜையில் வைத்தால் பேரப்பிள்ளைகள் விடமாட்டார்கள்.

முதல் அச்சில் தட்டின் உள்விளிம்பில் கையால் கீறிய வாசகம் உண்டு, அலிஸ்டர் க்ரோலி என்ற மாந்திரீகரிடம் இருந்து எடுத்தது, உன் மனம் விரும்பியதைச் செய் என்ற பொருளில். பேஜுக்கு அந்தக் கிறுக்கு இருந்தது. இந்த இழையில் ஆலயக் கொயர்க்காரர்கள் அதிகம் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பத்திரிகைகள் படுத்திய பாடும் கொஞ்சம் இல்லை. கிராஸ்பி ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவைப் பார்த்துச் செய்தார்கள் என்று எழுதினார்கள், பேஜ் கொதித்துப்போனார். அந்தக் கோபத்தில்தான் 1971இல் நாலாவது ஆல்பத்தைத் தலைப்பு, குழுப் பெயர் எதுவும் அட்டையில் இல்லாமல் வெளியிட்டார்கள்.

மட்டுறுத்துநர்

க்ரோலி பற்றி வந்த ஏழெட்டுப் பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். பிசாசு உண்டா இல்லையா என்பதை அங்கே பேசிக்கொள்ளுங்கள்.

தக்கலை பிட்ஸ்

நன்றி. இரண்டாம் பக்கம் பிடித்துவிட்டது, அதனால் ஒரு சிக்கல். கிறிஸ்துமஸ் கழிந்து நாங்கள் நாலு பேர் கல்லூரியில் அரை மணிநேரம் வாசிக்க இடம் கேட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் இருந்து மூன்று பாட்டு வாசிக்கலாம் என்று எனக்கு ஆசை. எங்கள் டிரம்மர் சண்டை போடுகிறான். "தட்ஸ் தி வே பாட்டுக்கு நான் மேடையில் என்ன செய்ய, கைகட்டி நிற்கவா?" என்கிறான். லேசாகப் பிரஷ் வைத்தாவது வாசிக்கட்டுமா?

முட்டம் காற்று

வேண்டாம்.

சுங்கான்கடை ஆர்கன்

முட்டம் சொன்னதேதான். டிரம்மர் மேடையை விட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். 'ஸ்டாம்ப்' பாட்டில் அவனுக்குப் பெரிய வேலை இருக்கிறது. பொன்ஹாம் அதில் கரண்டியும் காஸ்டனெட் என்ற கைத்தாளக் கட்டையும் தட்டியிருக்கிறார். வீட்டில் இருந்து இரண்டு எவர்சில்வர் கரண்டி எடுத்துவரச் சொல். முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்து, நடுவில் ஒரு விரல் விட்டு, தொடையில் தட்ட வேண்டும். இரண்டு நாளில் பிடிபடும். அது பிளாண்டின் நாயைப் பற்றிய பாட்டு என்றும் சொல், நாயின் பெயர் ஸ்ட்ரைடர். நாய் வளர்க்கிறவனாக இருந்தால் மடங்கிவிடுவான்.

மார்த்தாண்டம் கேப்போ

தம்பி, வரிசையைக் கவனி. ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி வேறு. ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு மேடையில் கம்பி திருகிக்கொண்டு நின்றால் கல்லூரிப் பிள்ளைகள் கூவிவிடுவார்கள். இரண்டாவது கிட்டார் ஒன்று கடன் வாங்கு, முன்பே சுருதி கூட்டி வை. சாதாரண சுருதியில் வருகிற 'டேஞ்சரின்' பாட்டை நடுவில் போட்டால், நீ அதை வாசிக்கிற நேரத்தில் இன்னொருவன் அடுத்த கிட்டாரைச் சரிபார்க்கலாம். அதன் தொடக்கத்தில் பேஜ் தப்பாக ஆரம்பித்து நிறுத்தி, தாளம் எண்ணி மறுபடி தொடங்குவது பதிவிலேயே இருக்கிறது. நீங்களும் பதற்றத்தில் தப்பாக ஆரம்பித்தால் அப்படியே சமாளித்துவிடலாம், ஒரிஜினலே அப்படித்தான் என்று.

கோடை ராத்திரி

'கேலோஸ் போல்' வாசிப்பதாக இருந்தால் பாட்டுக்கு முன்னால் கதையை ரெண்டு வரி தமிழில் சொல்லிவிடுங்கள். இங்கிலீஷ் வார்த்தை புரியாவிட்டாலும் யார் வருகிறார், என்ன கொண்டுவருகிறார் என்று தெரிந்தால் ஜனம் கூடவே வரும்.

தக்கலை பிட்ஸ்

அருமை. கரண்டி யோசனைக்கு டிரம்மர் சம்மதித்துவிட்டான். இன்னொரு பயம். எப்படியும் கூட்டத்தில் யாராவது 'இமிக்ரன்ட் சாங்' என்று கத்துவான். அந்த உச்சக் கூவலுக்கு எங்கள் பாடகனுக்குத் தொண்டை இல்லை.

பேச்சிப்பாறை ஷட்டர்

முதலில் அதையே வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள் மக்கா. ஆல்பத்திலும் முதலில்தான் இருக்கிறது, 1972 வரை அவர்கள் கச்சேரியைத் தொடங்கியதும் அதில்தான். கூவலைப் பாடகனிடம் விடாதே, கிட்டாரில் மெல்லிய கம்பியில் வாசி. கத்துகிறவன் நானாகத்தான் இருப்பேன். தேதி முடிவானதும் இங்கே போடு.